ஒரே பெயரில் மூன்று பேர்

மட்டக்களப்பில் மெதடிஸ்த மிஷன் 1814இல் தொடங்கியது. எங்கள் கிராமத்துச் சபையில் சாமுவேல், தானியேல் என்று அதே பெயர்கள்தான் தலைமுறை தலைமுறையாகச் சுற்றி வருகின்றன. ஞானஸ்நானப் பதிவேட்டில் என் பூட்டனின் பெயரில் மட்டும் மூன்று பேர். எங்கள் வம்ச வரிசையை எழுதும்போது மூவரையும் ஒருவரென்றே எழுதி வைத்திருந்தேன். பார்த்த அம்மம்மா, "இதில ஆரோ எங்கட ஆளில்லைத் தம்பி" என்றார்.

சரி என்று ஒவ்வொரு பதிவையும் தனித் துண்டில் எழுதினேன்: தாயின் பெயர், குடியிருந்த இடம், தகப்பனின் தொழில். தாயின் பெயரை வைத்துப் பார்த்ததும் ஒருவர் விலகிவிட்டார். மீதி இருவருக்கும் ஒரே தாய், ஒரே தகப்பன், இரண்டு வருட இடைவெளி. அங்கேதான் பல நாள் திணறினேன்.

அடக்கப் பதிவேட்டைப் புரட்டியபோது விளங்கியது. மூத்தது பதினொரு மாதத்தில் இறந்துபோன குழந்தை; அதன் பெயரையே அடுத்த பிள்ளைக்கு, என் பூட்டனுக்கு, வைத்திருக்கிறார்கள். அம்மம்மாவுக்கே தெரியாது. அந்தக் குழந்தையையும் வம்ச வரிசையில் சேர்த்துவிட்டேன்.