புது பேட்டைப் பாழாக்கும் தவறுகள்

நான் சொந்தக் காசில் வாங்கிய முதல் வில்லோ மர கிரிக்கெட் பேட், ஒரு மேட்ச்கூட ஆடாமலேயே கெட்டுப்போனது. கெடுத்தது நான்தான். எண்ணெய் போட்டால் பேட் நீண்ட நாள் உழைக்கும் என்று யாரோ சொன்னார்கள். ஒரு சின்னப் பாட்டில் ஆளிவிதை எண்ணெயை மொத்தமாகத் தேய்த்து, சுவரோரம் நிமிர்த்தி வைத்துவிட்டுத் தூங்கப் போனேன். காலையில் பார்த்தால் எண்ணெய் முழுக்க அடிப்பக்கம் இறங்கி, டோ எனும் அடிமுனை ஊறிக் கறுத்திருந்தது. தூக்கினால் கை இறங்கியது. பந்தைத் தட்டிப் பார்த்தால் 'டொக்' என்று வர வேண்டிய சத்தம், ஈர மூட்டையை அடித்ததுபோல் 'பொத்' என்று வந்தது.

எண்ணெயே போடாமல் விடுவது ஒரு தவறு என்றால், அள்ளிப் பூசுவது அதைவிடப் பெரிய தவறு. எண்ணெய் போடாத பேட் காய்ந்தால் பின்னால் ஒரு பூச்சு கொடுத்துச் சரிசெய்யப் பார்க்கலாம். உள்ளே ஊறிய எண்ணெயை வெளியே எடுக்க வழியில்லை.

பந்தை அடிக்கும் முன்பக்கம், அதாவது பேட்டின் முகம், முழுவதற்கும் ஒரு டீஸ்பூன் அளவு போதும். மென்மையான துணியால் மெல்லிசாகத் தேய்க்க வேண்டும். எட்ஜ் எனும் பக்கவாட்டு ஓரங்கள், டோ, பின்பக்கம் ஆகியவற்றுக்குத் துணியில் மிச்சம் இருப்பதே ஏறக்குறையப் போதும். பிறகு முகம் மேலே இருக்கும்படி படுக்கையாக 24 மணி நேரம் வைக்க வேண்டும். மறுநாள் தொட்டுப் பார்த்து, உலர்ந்திருந்தால் இன்னொரு மெல்லிய பூச்சு. புது பேட்டுக்கு இப்படி இரண்டு, மிஞ்சினால் மூன்று முறை. பிரம்புக் கைப்பிடி, பிளேடு எனும் அகன்ற மரப்பகுதிக்குள் 'வி' வடிவில் இறங்கும் ஸ்ப்ளைஸ் பகுதியில் எண்ணெய் படவே கூடாது. அங்கே மரத்தையும் பிரம்பையும் பிடித்து வைத்திருப்பது பசை. எண்ணெய் இறங்கினால் அந்தப் பிடிப்பு தளரும். ஸ்டிக்கர் மேலும் தேய்க்க வேண்டாம், உரிந்து வரும்.

கடையில் 'ரா' என்றும் 'பாயில்ட்' என்றும் இரண்டு வகை ஆளிவிதை எண்ணெய் இருக்கும். பேட்டுக்கு வேண்டியது ராதான். பாயில்ட் எண்ணெயில் சீக்கிரம் உலர்வதற்கான ரசாயனம் கலந்திருக்கும். அது உள்ளே இறங்குவதற்குள் மேலேயே படலமாக இறுகிவிடும். வீட்டில் இருக்கிறதே என்று தேங்காய் எண்ணெயோ ஆலிவ் எண்ணெயோ தடவுகிறவர்களும் உண்டு. அவை காற்றுப்பட்டு இறுகும் வகை எண்ணெய்கள் இல்லை, பிசுபிசுப்பாகவே கிடக்கும்.

இன்னொன்று, இது பேட்டைப் பற்றியதில்லை, வீட்டைப் பற்றியது. எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள். ஆளிவிதை எண்ணெய் காற்றோடு சேர்ந்து இறுகும்போது சூடு கிளம்பும். சுருண்ட துணிக்குள் அந்தச் சூடு அடைபட்டுத் தானாகவே தீப்பிடிக்கலாம். வெளியே விரித்துக் காயவிட்டு, அப்புறம் குப்பையில் போடுங்கள்.

முகத்தில் ஆன்டி ஸ்கஃப் ஷீட் (சிராய்ப்பைத் தடுக்கும் மெல்லிய உறை) ஒட்டியே வரும் பேட் என்றால் ஷீட்டுக்கு மேல் எண்ணெய் வீண். திறந்திருக்கும் இடங்களுக்கு மட்டும் போடுங்கள். ஷீட்டை நீங்களே ஒட்டுவதானால் எண்ணெய் முழுக்க உலரும்வரை பொறுக்க வேண்டும், இல்லையென்றால் குமிழ் குமிழாகத் தூக்கிக்கொண்டு நிற்கும்.

'ரெடி டு பிளே' என்ற ஸ்டிக்கரை நம்பி

அடுத்த பெரிய தவறு, நாக்கிங் செய்யாமல் களத்தில் இறங்குவது. வில்லோ எடை குறைந்த, மென்மையான மரம். பேட் தயாரிக்கும் இடத்தில் அதை இயந்திரத்தில் அழுத்தித்தான் அனுப்புகிறார்கள். ஆனால் அந்த அழுத்தம் முகத்தின் நடுப்பகுதியில் இறங்கும் அளவுக்கு வளைந்த ஓரங்களில் இறங்காது. அங்கே நார்கள் தளர்வாகவே இருக்கும். மேலட் எனும் மரச் சுத்தியலால் தட்டித் தட்டி அந்த நார்களை நெருக்கி, ஒன்றோடொன்று பின்ன வைப்பதுதான் நாக்கிங். 'ரெடி டு பிளே' என்பதற்கு அர்த்தம் ஆரம்ப வேலை கொஞ்சம் நடந்திருக்கிறது என்பதுதான். அதற்கும் கொஞ்ச நேரம் மேலட் பிடிப்பது நல்லது.

எவ்வளவு நேரம்? 6 மணி நேரம் என்று ஒரு கணக்கைப் பொதுவாகச் சொல்வார்கள். அதை ஒரே ஞாயிற்றுக்கிழமையில் முடித்துவிடப் பார்ப்பதும் தவறுதான். 15 நிமிடம், 20 நிமிடம் என்று பல நாட்களுக்குப் பிரித்துக்கொள்ளுங்கள். அக்கம்பக்கத்தாரும் உங்களை மன்னிப்பார்கள். முதல் ஒரு மணி நேரம் மெதுவான தட்டுகள்தான். மரம் அதற்குப் பழகப் பழகத்தான் வேகத்தைக் கூட்ட வேண்டும். எடுத்த எடுப்பில் ஓங்கி அடித்தால் மேலட்டின் வடிவத்தில் குழி விழும்.

எட்ஜில்தான் நிறைய பேர் சறுக்குகிறார்கள். பேட்டைப் பக்கவாட்டில் திருப்பி எட்ஜின் மேல் நேராக அடித்தால் மரம் பிளக்கும். முகத்திலிருந்து எட்ஜை நோக்கிச் சரிவாக, 45 டிகிரி கோணத்தில் உரசிக்கொண்டு போவதுபோல் அடிக்க வேண்டும். மேட்சில் பந்து எட்ஜில் படுவதும் ஏறக்குறைய அப்படித்தானே. கூரான விளிம்பு மெல்ல உருண்டு வந்தால் வேலை சரியாக நடக்கிறது. டோவின் அடிப்பாகத்தில் மேலட் படவே கூடாது. பின்பக்கத்திலும் அடிக்க வேண்டாம், அங்கே பந்தை வாங்குவதற்கு ஒன்றுமில்லை.

மணிக்கணக்கை விட நம்பகமான சோதனை ஒன்று இருக்கிறது. நல்ல தரமான பழைய லெதர் பந்தை யாரையாவது பக்கத்திலிருந்து மெதுவாகப் போடச் சொல்லித் தட்டிப் பாருங்கள். முகத்தில் தையல் அச்சு பள்ளமாகப் பதிந்தால் திரும்பவும் மேலட்டுக்குப் போக வேண்டியதுதான். பதியவில்லை என்றால் நெட்டுக்குப் போகலாம், அதுவும் முதல் சில நாட்கள் பழைய பந்தோடுதான். புது பேட்டைத் தூக்கிக்கொண்டு நேராகப் புதுப் பந்தின் யார்க்கருக்கு முன்னால் நிற்பது காசைக் கரியாக்கும் வேலை. மலிவான கார்க் பந்து, பவுலிங் மெஷினில் போடும் கெட்டிப் பந்து ஆகியவற்றுக்கு ஒரு பழைய பேட்டை ஒதுக்கி வைத்துவிடுங்கள்.

காஷ்மீர் வில்லோ கடினமானது, அதற்கு இதெல்லாம் தேவையில்லை என்ற பேச்சும் உண்டு. கடினம் என்பது சரி. எண்ணெயும் நாக்கிங்கும் அதற்கும் வேண்டும்.

ஈரமும் வெயிலும்

பேட்டின் நார்கள் மேலிருந்து கீழாக ஓடுகின்றன. அவை வெட்டுப்பட்டுத் திறந்து நிற்கும் முனை டோ. ஈரமான தரையில் நின்று பேட்டைத் தரையில் தட்டிக்கொண்டே இருந்தால், உறிஞ்சுகுழல் போல அந்த முனை தண்ணீரை மேலே இழுக்கும். டோ வீங்கும், காயும்போது அங்கிருந்து மேல்நோக்கிப் பிளவு ஓடும். டோவை மூடும் காப்பான டோ கார்டு ஒட்டுவது நல்ல பழக்கம். ஆனால் அதன் ஓரம் தூக்கியபடி விட்டால் உள்ளே போன ஈரம் வெளியே வராது, கார்டே இல்லாமல் இருப்பதைவிட மோசம்.

நனைந்த பேட்டைத் துடைத்து, நிழலில் படுக்கையாக மெதுவாகக் காயவிட வேண்டும். வெயிலில் வைப்பது, ஹேர் டிரையர் காட்டுவது எல்லாம் அவசரத்தில் செய்யும் தவறுகள். மேல்பகுதி சட்டென்று சுருங்கும், உள்பகுதி சுருங்காது, நடுவில் விரிசல் விடும். மூடிய கார் டிக்கியில் பேட்டை விட்டுவைப்பதும் இதே கதைதான். ஈரமான கால் பேடுகளோடு கிட் பேகில் அடைத்து வைத்தால் கதை எதிர்ப்பக்கம் போகும், பேட் ஈரத்தை இழுத்துக்கொள்ளும்.

சீசனுக்கு ஒரு முறை மென்மையான உப்புத்தாளால் அழுக்கை லேசாகத் தேய்த்து, ஒரு மெல்லிய பூச்சு எண்ணெய் கொடுத்தால் போதும். மாதாமாதம் எண்ணெய் போடுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு என் முதல் பேட்தான் ஞாபகம் வரும்.

முகத்தில் தலைமுடி போன்ற மெல்லிய கோடுகள் விழுந்தால் பதறாதீர்கள், ஆடுகிற பேட்டில் அது சகஜம். எட்ஜில் சிராய் கிளம்பினால் மரப்பசை வைத்து அழுத்தி, ஃபைபர் டேப் சுற்றலாம். பழைய டேப்பை வெடுக்கென்று பிய்த்தால் நாரும் சேர்ந்து வரும். டோ பிளந்த பேட்டோடு 'இந்த ஒரு மேட்ச் மட்டும்' என்று ஆடுவது, தைத்தால் சரியாகிற கிழிசலை முழுக்கக் கிழிப்பது. சரிசெய்கிறேன் என்று முகத்தில் கெட்டியான பிசின் பூச்சு எதையாவது பூசவும் வேண்டாம். பந்தைச் சேதப்படுத்தும் அளவுக்கு மேற்பரப்பு கடினமாக இருப்பது விதிக்கு எதிரானது. 1979 டிசம்பரில் பெர்த் டெஸ்டில் ஆஸ்திரேலிய வேகப்பந்து வீச்சாளர் டென்னிஸ் லில்லி அலுமினிய பேட்டோடு இறங்க, அது பந்தைக் கெடுக்கிறது என்று இங்கிலாந்து கேப்டன் மைக் பிரேயர்லி புகார் செய்தார். பிளேடு மரமாகத்தான் இருக்க வேண்டும் என்று விதியில் எழுதப்பட்டது அதன் பிறகுதான்.

கைப்பிடியின் ரப்பர் உறையான கிரிப் திரும்பினால் உடனே மாற்றிவிடுங்கள். கிரிப்பை ஏற்ற உதவும் கூம்புக் கருவியான கோன் இருந்தால் இரண்டு நிமிட வேலை.

கடைசியாக, பேட்டால் ஸ்டம்பைத் தரையில் அடித்து இறக்கும் பழக்கம். அதற்கென்றே ஒரு சுத்தியல் வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் அணியில் அதற்கு என் முதல் பேட் இருக்கிறது. எண்ணெய் குடித்த கனம், ஸ்டம்ப் நன்றாகவே இறங்குகிறது.