வரப்பில் நின்று கேள்வி கேட்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

டெல்டாவில் உழவர் வயல்வெளிப் பள்ளி (விவசாயிகள் வயலிலேயே கூடிக் கற்கும் பயிற்சி) நடத்தப் போகிறவர்கள் பலர் வகுப்பெடுத்துவிட்டுத் திரும்புகிறார்கள். கேள்வி கேட்டு விவசாயியின் வாயிலிருந்தே விடையை வரவழைப்பதுதான் அதன் அடிப்படை. 1989-இல் இந்தோனேசிய நெல் வயல்களில் இந்தப் பள்ளி தொடங்கியதும் அப்படித்தான்.

பெரிய தவறு, பெயரைச் சொல்லிவிடுவது. தூரை விலக்கிக் காட்டி ஒருவர், "சார், இது என்ன பூச்சி?" என்கிறார். "புகையான், மருந்து அடிங்க" என்றால் பேச்சு அங்கேயே முடிந்தது. "எங்கே இருந்துச்சு? இலையிலயா, தண்ணிக்கு மேல தூர்லயா? பக்கத்துல வேற என்ன ஓடுது?" என்று கேட்டுப் பாருங்கள். குனிந்து பார்ப்பார், சிலந்தி தென்படும். "அது என்ன பண்ணுது?" தெரியாது என்கிறாரா, ரொம்ப நல்லது. ஒரு பாட்டிலில் நெல் தூர் ஒன்றை வைத்து, சிலந்தியோடு சில புகையானையும் விட்டு, வாயை மெல்லிய துணியால் கட்டச் சொல்லுங்கள். மறுநாள் எத்தனை மிச்சம் என்று எண்ணுவது அவர் வேலை. மருந்தடித்தால் சிலந்தியும் சாகுமே என்று அப்புறம் அவரே ஆரம்பிப்பார்.

அடுத்தது, விடையைக் கேள்விக்குள்ளேயே வைப்பது. "யூரியா அதிகம் போட்டதாலதானே வந்துச்சு?" என்றால் "ஆமாம் சார்" வரும், மரியாதைக்கு. "எந்த வயல்ல அதிகமா இருக்கு? அங்க எத்தனை தடவை யூரியா போட்டீங்க?" என்றால் கணக்கு வெளியே வரும்.

கேட்டுவிட்டுப் பொறுக்காமல் இருப்பது இன்னொன்று. அமெரிக்கக் கல்வி ஆய்வாளர் மேரி பட் ரோ, ஆசிரியர்கள் கேள்விக்குப் பின் சராசரியாக 1 விநாடிதான் காத்திருக்கிறார்கள் என்று கண்டார். 3 விநாடி பொறுத்தபோது மாணவர்களின் பதில்கள் நீண்டன. வரப்பில் இன்னும் பொறுக்கலாம். எதிரில் இருப்பவர் வெற்றிலை மடித்து முடிக்கும்வரை சும்மா நிற்கக் கூச்சம் வேண்டாம்.

முன்னால் நிற்கும் நிலக்காரரிடம் மட்டுமே கேட்காதீர்கள். நாளெல்லாம் குனிந்து களை பறிக்கும் பெண்கள் தூரை அதிகம் பார்த்தவர்கள். "நேத்து களை எடுக்கும்போது என்னம்மா பார்த்தீங்க?" என்று தொடங்கலாம்.

எல்லாவற்றையும் கேள்வியாக்குவதும் தவறுதான். மருந்தின் அளவு, அறுவடைக்கு எத்தனை நாள் முன்பு நிறுத்த வேண்டும் என்பதையெல்லாம் நேராகச் சொல்லிவிடுங்கள். ஜூன் 12-இல் மேட்டூர் திறக்குமா என்று கேட்கிறவரிடம் "நீங்க என்ன நினைக்கிறீங்க?" என்று திருப்பிக் கேட்டால், அடுத்த கூட்டத்துக்கு ஆள் வராது.