பெருங்குடி மீத்தேனை வீட்டிலிருந்தே பார்க்க

2022 ஏப்ரலில் சென்னைப் பெருங்குடி குப்பைமேடு பற்றி எரிந்ததிலிருந்து, எங்கள் வேளச்சேரி பக்கம் ஒரே கேள்வி: "அங்க எவ்வளவு மீத்தேன் வருதுன்னு சாட்டிலைட்ல பாத்துச் சொல்லேன்." குப்பை மக்கும்போது வரும் எரியக்கூடிய வாயுதான் மீத்தேன். நீங்களே பார்க்கலாம், காசு வேண்டாம். எதை நம்புவது என்பதுதான் விஷயம்.

செயற்கைக்கோள் படங்களை நிரல் ஓட்டிப் பார்க்கும் தளமான கூகுள் எர்த் எஞ்சினில் கணக்கு தொடங்கி, சென்டினல்-5பி என்ற ஐரோப்பிய செயற்கைக்கோளின் மீத்தேன் தொகுப்பை (பெயரில் 'ஆஃப்லைன்' என்றிருக்கும்) தேடுங்கள். 2017 அக்டோபரில் ஏவிய அந்தக் கோளில் உள்ள ட்ரோபோமி கருவி, தரையில் பட்டுத் திரும்பும் வெயிலில் 2.3 மைக்ரான் அலைநீளம் அருகே மீத்தேன் எவ்வளவு ஒளியை விழுங்கியது என்று பார்க்கிறது. அது தரும் எண் நாம் மூச்சிழுக்கும் காற்றுக்கு உரியதல்ல. தரையிலிருந்து வளிமண்டல உச்சி வரைக்குமான சராசரி. குப்பைமேட்டின் பங்கு அதில் சொற்பம்.

அந்தத் தொகுப்பின் பக்கத்தில் உள்ள மாதிரி நிரலில் வண்ண அளவு 1750–1900 பிபிபி (நூறு கோடியில் எத்தனை பங்கு) என்றிருக்கும். அப்படியே ஓட்டினால் தமிழ்நாடே சிவக்கும். உடனே ஸ்க்ரீன்ஷாட் எடுத்து அபார்ட்மென்ட் குரூப்பில் போட்டுவிடாதீர்கள். தரைமட்டத்தில் உலக சராசரியே 1900-ஐத் தாண்டியாயிற்று. 1850–2000 என்று மாற்றுங்கள்.

ஒரு நாள் படத்தை நம்ப வேண்டாம். பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை சேர்த்து சராசரி எடுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் மேகம் மறைத்துப் படம் முழுக்க ஓட்டைதான். அந்த 2.3 மைக்ரான் ஒளியில் தண்ணீர் கறுப்பு என்பதால் கடல் பக்கமும் பெரும்பாலும் காலி.

இனிதான் பெரிய கண்ணி. ஜூம் செய்தால் சுமார் ஒரு கிலோமீட்டர் கட்டங்கள் தெரியும். அது கூகுள் நறுக்கி வைத்தது. கருவியின் உண்மையான கட்டம் ஏறக்குறைய 7-க்கு 5.5 கிலோமீட்டர். குப்பைமேடும் பள்ளிக்கரணை சதுப்பும் அதற்குள் ஒன்றாகவே விழும். சதுப்பும் மீத்தேன் விடும், எனவே பழியை மேட்டின் மேல் மட்டும் போட முடியாது. இருபது கிலோமீட்டர் தள்ளியிருக்கும் வடசென்னைக் கொடுங்கையூர் குப்பைமேட்டை வேண்டுமானால் தனியாகப் பிரித்துப் பார்க்கலாம்.

கோள் கடப்பது மதியம் ஒன்றரை மணி வாக்கில். கோடையில் பெரும்பாலும் அதற்குள் கடற்காற்று ஏறிவிடும். வாயு மேற்கே மடிப்பாக்கம் பக்கம் நகர்ந்திருக்கும். அன்றைய காற்றுத் திசையைப் பார்த்துவிட்டு, மேட்டுக்கு மேற்கிலும் தேடுங்கள்.

மேட்டை மட்டும் தனியே பார்க்க, ஜிஎச்ஜிசாட் என்ற தனியார் நிறுவனத்தின் கோள்கள் 25 மீட்டர் கட்டத்தில் பார்ப்பது போல, நுணுக்கமாகப் பார்க்கும் கோள் வேண்டும். அந்தத் தனியார் படம் நம் பாக்கெட்டுக்கு எட்டாது.