“நீங்க வெட்டரனா?” என்று தொடங்காதீர்கள்: முன்னாள் படைவீரர் சங்கத்துக்கு ஆள் சேர்க்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

சில ஆண்டுகளுக்கு முன் சிங்கப்பூரில் ஒரு சமூக மன்றத்தின் வாசலில் மேசை போட்டு உட்கார்ந்திருந்தேன். முன்னாள் படைவீரர் சங்கம் ஒன்றுக்கு உறுப்பினர் சேர்க்கும் வேலை. அறுபது வயதை நெருங்கிய ஒருவர் மேசைமேல் இருந்த பழைய படங்களை நின்று நிதானமாகப் பார்த்தார். “அண்ணே, நீங்க வெட்டரனா?” என்று கேட்டேன். “இல்லப்பா, நான் சும்மா என்எஸ்தான் செஞ்சேன்” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். என்எஸ் என்றால் தேசிய சேவை, இங்கே ஆண்கள் கட்டாயமாகச் செய்யும் சேவை.

அவர் இரண்டரை ஆண்டு முழுநேரச் சேவை செய்தவர் என்றும், அதன் பிறகு நாற்பது வயதுவரை ரெசர்விஸ்ட் (போர்க்காலப் படை) பயிற்சி அழைப்பு ஒன்றையும் தவறவிடாதவர் என்றும் அவருடைய நண்பர் பின்னால் சொன்னார். நான் கேட்ட ஒரு சொல் அவரை வெளியே நிறுத்திவிட்டது. ஆள் கிடைக்கவில்லை, இளைஞர்களுக்கு அக்கறை இல்லை என்று நம் கூட்டங்களில் அடிக்கடிப் பேசுகிறோம். பெரும்பாலான நேரங்களில் குறை நாம் கேட்கும் விதத்தில்தான் இருக்கிறது.

‘முன்னாள் படைவீரர்’ என்றதும் பலருக்குப் போர்முனை நினைவுக்கு வருகிறது. சிங்கப்பூரில் கதை வேறு. தேசிய சேவைக்கான சட்டத் திருத்தம் 1967 மார்ச்சில் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. முழுநேரச் சேவைக்கான முதல் அணி அந்த ஆண்டு ஆகஸ்டில் முகாமுக்குள் நுழைந்தது. அவர்கள் 1949ன் முதல் ஆறு மாதங்களில் பிறந்தவர்கள். இன்று 75 வயதைத் தாண்டிவிட்டார்கள். அவர்களுக்குப் பிறகு மகன், பேரன் என்று ஒரே வீட்டில் மூன்று தலைமுறை சீருடை அணிந்துவிட்டது. எல்லாரும் செய்த ஒன்று என்பதால், யாரும் அதைத் தனிப் பெருமையாகச் சொல்லிக்கொள்வதில்லை. ‘வெட்டரன்’ என்ற பட்டத்தைக் கொண்டுபோய் நீட்டினால், “அது என்னைச் சொல்லவில்லை” என்று ஒதுங்கிவிடுகிறார்கள்.

இப்போதெல்லாம் நான் கேட்பது, “எந்த யூனிட்? எந்த வருஷம் உள்ளே போனீங்க?” என்பதுதான். இதற்குப் பதில் சொல்லாமல் போனவர் மிகக் குறைவு. பத்து நிமிடம் ஓடிவிடும். அடிப்படைப் பயிற்சி நடக்கும் தேக்கோங் தீவில் முதல் வாரம் எப்படிப் போனது, எந்த சார்ஜன்ட் எப்படித் திட்டினார் என்று அவரே சொல்வார். அப்புறம் சங்கத்தைப் பற்றிப் பேசினால் கேட்கும் மனநிலையில் இருப்பார்.

அடுத்த தவறும் இதன் அண்ணன் தம்பிதான். சண்டைப் பிரிவில் இருந்தவர்களை மட்டும் தேடுவது. ஸ்டோர்மேன், சமையல்காரர், ஓட்டுநர், கிளார்க், மருத்துவ உதவியாளர் என்று எத்தனையோ பேர் முகாமை நடத்தியிருக்கிறார்கள். உடல் தகுதி காரணமாக அலுவலக வேலைக்குப் போனவர்களுக்கு இருபது, முப்பது ஆண்டு கழிந்தும் ஒரு கூச்சம் இருக்கிறது. “நான் துப்பாக்கி தூக்கினதே கொஞ்ச நாள்தான் அண்ணே” என்பார்கள். அந்த இடத்தில் நாம் சிரித்துவிட்டால், அல்லது பேச்சை கமாண்டோ கதைக்குத் திருப்பிவிட்டால், அவர் திரும்பி வரவே மாட்டார். உண்மையில் சங்கத்துக்கு மிகவும் தேவைப்படுவது இவர்களின் கைப்பழக்கம்தான். கணக்கு வைக்கத் தெரிந்தவர், வண்டி ஓட்டுபவர், நூறு பேருக்குச் சாப்பாடு ஏற்பாடு செய்தவர் இல்லாமல் எந்தச் சங்கம் நடக்கும்?

போலிசிலும் குடிமைத் தற்காப்புப் படையிலும் தேசிய சேவை செய்தவர்களை விட்டுவிடுவதும் அப்படித்தான். பெண்களை நினைவில் வைக்காதது இன்னும் மோசம். பெண்களுக்குக் கட்டாய சேவை கிடையாது. ஆனால் முழுநேரப் பணியாளர்களாகப் பல பெண்கள் ஆயுதப் படையில் பணியாற்றி ஓய்வு பெற்றிருக்கிறார்கள். ஆயுதப் படைத் தொண்டூழியர் பிரிவில் 2015 முதல் பெண்களும், புதுக் குடிமக்களும், முதல் தலைமுறை நிரந்தரவாசிகளும் பயிற்சி பெற்று வருகிறார்கள். தமிழ்நாட்டிலிருந்து வந்து இங்கே வேரூன்றிய குடும்பங்களில் இப்படிச் சிலர் இருக்கிறார்கள். யார் சேரலாம் என்பது ஒவ்வொரு சங்கத்தின் விதிமுறையிலும் எழுதியிருக்கும். ஆளைச் சேர்க்கப் போகும் முன் அதை ஒருமுறை முழுதாகப் படித்துவிடுங்கள். “வாங்க, சேர்ந்துடலாம்” என்று வாக்குக் கொடுத்துவிட்டு, பிறகு தகுதி இல்லை என்று சொல்வதைப் போல் மனத்தை நோகடிப்பது வேறில்லை.

எங்க காலத்துல

இளையவர்களை விரட்டியடிக்கும் சொற்றொடர் ஒன்று இருக்கிறது. “எங்க காலத்துல இரண்டரை வருஷம். உங்களுக்கு இரண்டுதான்.” சேவைக் காலம் 2004ல் இரண்டு ஆண்டாகக் குறைந்தது உண்மைதான். ஆனால் அதைக் குறைத்தது அந்தத் தம்பி இல்லை. முகாமில் இப்போது கைப்பேசி இருக்கிறது, சாப்பாடு நன்றாக இருக்கிறது, பையன்கள் மென்மையாகிவிட்டார்கள் என்று நம்மில் பலர் சொல்கிறோம். கேட்பவர் முகத்தைப் பாருங்கள். அவரும் வீட்டை விட்டுப் போனவர். அவருடைய அம்மாவும் படகுத்துறையில் நின்று கண்கலங்கியிருப்பார். யார் அதிகம் கஷ்டப்பட்டார் என்ற போட்டியில் அவரை இறக்கினால், தோற்றுப்போக யார் மாதச் சந்தா கட்டி வருவார்?

மூத்தவர் இளையவரிடம் கேட்பதற்குத்தான் நிறைய இருக்கிறது. இப்போது என்ன துப்பாக்கி, ரூட் மார்ச் எத்தனை கிலோமீட்டர், என்ன புதுப் பிரிவுகள் வந்திருக்கின்றன என்று கேட்டுப் பாருங்கள். எங்கள் சங்கத்தில் எம்16 காலத்து அங்கிள் ஒருவரும் எஸ்ஏஆர்-21 காலத்துத் தம்பி ஒருவரும் ஒரே மேசையில் ஒரு மணி நேரம் துப்பாக்கி துடைப்பதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். யாரும் யாரையும் சேரச் சொல்லவில்லை. அடுத்த மாதம் அந்தத் தம்பி தானாக வந்தார்.

மொழியும் இங்கே வருகிறது. நம் அணிவகுப்பு ஆணைகள் மலாய் மொழியில் இருப்பவை. “செடியா” (நேராக நில்) என்று யாராவது விளையாட்டாகக் குரல் கொடுத்தால் தமிழர், சீனர், மலாய்க்காரர் என்று பாராமல் முதுகு நிமிர்ந்துவிடும். ஆகவே சங்கத்துக்குள் தமிழர்கள் தனி மேசை போட்டு உட்காருவது எனக்கு உடன்பாடில்லை. அதே நேரம், ஒரு மூத்த தமிழ் கார்ப்பரலுக்கு ஆங்கிலத்தில் நான்கு பத்தி மின்னஞ்சல் அனுப்பிவிட்டுப் பதில் வரவில்லை என்று குறைபடுவதும் சரியில்லை. தொலைபேசியில் தமிழில் கூப்பிட்டுப் பேசுங்கள். அவர் வாரண்ட் ஆபிசராக இருந்திருந்தால், முகாமில் மரியாதையாக அழைத்ததுபோலவே ‘என்சிக்’ (மலாயில் ‘ஐயா’) என்று தொடங்குங்கள். குரலிலேயே மாற்றம் தெரியும்.

எதைக் கொடுக்கிறோம்?

பல சங்கங்கள் துண்டுப் பிரசுரத்தில் தள்ளுபடிகளைப் பட்டியல் போடுகின்றன. சாப்பாட்டுக் கடையில் பத்து விழுக்காடு, சுற்றுலாவில் பதினைந்து. இது வீண் வேலை என்பது என் எண்ணம். தேசிய சேவையாளர்களுக்காக 1972ல் தொடங்கிய சாஃப்ரா மன்றத்துக்கு ஈசூன், தெம்பனிஸ், ஜூரோங், பொங்கோல் என்று தீவு முழுக்க மன்றங்கள் இருக்கின்றன. ஜிம், நீச்சல்குளம், பிள்ளைகளுக்கு விளையாட்டு இடம் எல்லாம் அங்கே உண்டு. போலிஸ், குடிமைத் தற்காப்புப் படை அடங்கிய உள்துறைக் குழுவில் சேவை செய்தவர்களுக்கு ஹோம்டீம்என்எஸ் என்ற மன்றம் இருக்கிறது. ஒரு சிறிய சங்கம் வசதியில் அவற்றோடு போட்டி போட முடியாது, போட வேண்டியதும் இல்லை. தள்ளுபடிக்காக வருபவர் அதைவிடப் பெரிய தள்ளுபடி கிடைத்ததும் போய்விடுவார்.

அழுது கேட்பதும் வேண்டாம். “எங்களுக்கு அப்புறம் யாருமில்லை, சங்கம் மூடிவிடும்” என்று சொன்னால் கேட்பவருக்கு இரக்கம் வரலாம். மூழ்கும் படகில் ஏற ஆசை வராது.

நாம் கொடுக்கக்கூடியது வேலை. தெளிவான, சின்ன, முடிக்கக்கூடிய வேலை. “தொண்டு செய்ய வாங்க” என்ற பொதுவான அழைப்பு காற்றோடு போய்விடும். “புதன்கிழமை காலை ஒன்பது மணிக்கு, தோ பாயோவில் இருக்கும் நம் மூத்த உறுப்பினரைப் பலதுறை மருந்தகத்துக்குக் கூட்டிப்போய், திரும்ப வீட்டில் விட முடியுமா?” என்று கேளுங்கள். முடியும் அல்லது முடியாது என்று உடனே பதில் வரும். முடியாது என்றால் எப்போது முடியும் என்றும் அவரே சொல்வார். நான் சேர்த்தவர்களில் நிலைத்து நின்றவர்கள் எல்லாரும் படிவத்தில் கையெழுத்துப் போடும் முன்பே ஏதாவது ஒரு வேலையைச் செய்தவர்கள்.

இரண்டாம் உலகப் போரில் இறந்தவர்களின் நினைவிடம் இருக்கும் கிராஞ்சிக்கு ஒருமுறை கூட்டிப்போவதும் அப்படி ஒரு தொடக்கம்தான். ஆனால் பலரும் நவம்பர் நினைவு தின நிகழ்ச்சிக்கு மட்டும் புதியவர்களை அழைக்கிறார்கள். அன்று அதிகாரிகள், மலர்வளையம், வரிசை என்று எல்லாம் முறைப்படி நடக்கும். புதியவர் ஓர் ஓரமாக நின்றுவிட்டுப் போவார். சாதாரண நாளில் போங்கள். 24,000க்கும் மேற்பட்ட பெயர்கள் செதுக்கிய தூண்களைப் பார்த்துவிட்டு, நினைவிடத்தின் பின்புறம் நடந்து போனால் தகன நினைவிடம் இருக்கிறது. தங்கள் சமயப்படி எரியூட்டப்பட்ட ஏறக்குறைய 800 பேரின் பெயர்கள் அங்கே இருக்கின்றன. பெரும்பாலும் இந்தியப் படைகளைச் சேர்ந்தவர்கள். ஒருமுறை நான் கூட்டிப்போன தம்பி, இப்படி ஒன்று இருப்பதே தெரியாது என்றார். சிங்கப்பூரிலேயே பிறந்து வளர்ந்தவர். பெயர்களை விரலால் தொட்டு மெல்லப் படித்துக்கொண்டே போனார். நான் ஒன்றும் பேசவில்லை. திரும்பும் வழியில், அடுத்த முறை அப்பாவையும் கூட்டி வரலாமா என்று கேட்டார். அவருடைய அப்பாவும் தேசிய சேவை செய்தவர்தான். இருவருமே இன்று உறுப்பினர்கள்.

எப்போது கேட்பது என்பதும் முக்கியம். போர்க்காலப் படைக் கடமை அதிகாரிகளுக்கு 50 வயது வரை, மற்றவர்களுக்கு 40 வயது வரை. அதில் வரும் பத்துச் சுற்றுப் பயிற்சியையும் முடித்தவுடன் ஒருவருக்கு நிம்மதியும் வெறுமையும் சேர்ந்து வரும். யூனிட்டின் வாட்ஸ்அப் குழு மெல்ல அமைதியாகிவிடும். நண்பர்களை விட்டுவிடக் கூடாது என்ற எண்ணம் இருக்கும் காலம் அது. ஆனால் வீட்டில் சின்னப் பிள்ளைகளும் வேலைப் பளுவும் இருக்கும். அவரிடம் வாரம் ஒருமுறை வரச் சொல்வது அநியாயம். ஆண்டுக்கு இரண்டு முறை, குடும்பத்தோடு வரச் சொல்லுங்கள். ஞாயிறு காலைக் கூட்டம் வைத்துவிட்டு ஏன் யாரும் வரவில்லை என்று கேட்பவர்கள், அந்த நேரத்தில் தேக்கா சந்தையிலும் கோயிலிலும் யார் நிற்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். வீட்டுக்காரம்மாவிடமும் இரண்டு வார்த்தை பேசுங்கள். கணவரின் சனிக்கிழமையைப் பங்குபோடுவதில் அவருக்கும் சொல்ல உரிமை உண்டு.

படிவத்தைப் பற்றிச் சுருக்கமாக. பழைய படிவங்களை நகல் எடுத்துக் கொடுக்காதீர்கள். சட்டப்படி தேவைப்பட்டாலோ, ஒருவரின் அடையாளத்தை மிகத் துல்லியமாக உறுதிசெய்ய வேண்டியிருந்தாலோ தவிர, அடையாள அட்டை எண்ணைக் கேட்டு வாங்கக் கூடாது என்ற வழிகாட்டி 2019 செப்டம்பர் 1 முதல் நடப்பில் இருக்கிறது. பெயர், தொலைபேசி எண், யூனிட், எந்த நாள் வசதி என்பவை முதல் நாளுக்குப் போதும். பழைய பிளட்டூன் நண்பர்களின் எண்களை அவர்களைக் கேட்காமல் வாட்ஸ்அப் குழுவில் சேர்ப்பதும் தவறு. ஒருவரை இப்படிச் சேர்த்து, அவர் அடுத்த நிமிடம் வெளியேறியதைப் பார்த்திருக்கிறேன். அதன் பிறகு அவர் என் அழைப்பையும் எடுக்கவில்லை.

சேர்ந்த பிறகு

நாம் அதிகம் தவறு செய்வது இங்கேதான். கையெழுத்து கிடைத்ததும் வேலை முடிந்தது என்று நினைத்துவிடுகிறோம். புதியவர் முதல் கூட்டத்துக்கு வருகிறார். பழையவர்கள் தங்கள் நண்பர்களோடு உட்கார்ந்து, இருபது ஆண்டுக் கதையைப் பேசிச் சிரிக்கிறார்கள். அவர் தட்டில் பிரியாணியோடு தனியாக நிற்கிறார். இரண்டாம் கூட்டத்துக்கு வருகிறார், அதுவும் அப்படியே. மூன்றாவதுக்கு வரமாட்டார். ஆண்டு இறுதியில் அவரைப் பற்றி நமக்குத் தெரிவது அவர் சந்தா கட்டவில்லை என்பது மட்டுமே.

முகாமில் புதிதாக வந்தவரைத் தனியாக விட்டதில்லை. கூடவே ஒரு ‘படி’ (buddy, துணைத் தோழர்) இருப்பார். சங்கத்திலும் அதைச் செய்யுங்கள். புதியவர் ஒவ்வொருவருக்கும் ஒரு பழைய உறுப்பினரின் பெயரை எழுதி வையுங்கள். கூட்டத்துக்கு வரும்போது எம்ஆர்டி நிலையத்தில் சந்தித்துக் கூட்டிவருவது, பக்கத்தில் உட்காருவது, நாலு பேரை அறிமுகப்படுத்துவது எல்லாம் அவர் பொறுப்பு. கூட்டம் முடிந்து ஒரு வாரத்துக்குள் ஒரு தொலைபேசி அழைப்பு. வாட்ஸ்அப் செய்தி போதாது, குரல் வேண்டும். “எப்படி இருந்துச்சு?” என்று கேட்டுவிட்டு, பதில் முடியும்வரை காத்திருங்கள். பலர் அப்போதுதான் தங்கள் குறையைச் சொல்வார்கள். இடம் தூரம், நேரம் தாமதம், யாரோ பதவியைச் சொல்லி அதட்டினார் என்று ஏதாவது இருக்கும். எழுதிக்கொள்ளுங்கள், செயற்குழுவில் சொல்லுங்கள், என்ன ஆயிற்று என்று அவருக்குத் திரும்பச் சொல்லுங்கள்.

சமூக மன்ற வாசலில் நான் தவறவிட்ட அந்த அண்ணனை அவருடைய நண்பர் மூலம் மறுபடி சந்தித்தேன். இம்முறை எந்த யூனிட் என்றுதான் கேட்டேன். ஸ்டோரில் இருந்தாராம். எங்கள் சங்கத்தின் பொருள் அறைச் சாவி இப்போது அவரிடம்தான் இருக்கிறது.