கம்மாய்த் தண்ணில டிஎன்ஏ பாக்கப் போறீங்களா, இந்தத் தப்பெல்லாம் வேணாம்

நம்ம ராமநாதபுரம் பக்கம் சித்திரங்குடி, காஞ்சிரங்குளம் பறவைகள் சரணாலயம் ரெண்டும் ராம்சர் பட்டியல்ல, அதாவது உலக அளவுல முக்கியமான ஈரநிலங்களோட பட்டியல்ல, சேந்ததா 2022ல அறிவிச்சாங்க. அங்க வர்ற நிறைய பறவைங்களுக்குத் தீனியே தண்ணிக்குள்ள இருக்கற மீனும் பூச்சியும் தான், அதனால தண்ணி எடுத்து, அதுல உயிருங்க உதுத்துட்டுப் போன டிஎன்ஏவ வெச்சு என்னென்ன இருக்குன்னு பாக்குறது, பூச்சிய போட்டோ எடுத்து கம்ப்யூட்டர வெச்சு இனம் பிரிக்கிறதுன்னு இறங்குற காலேஜ் பசங்களுக்கு இத சொல்லியே ஆகணும். 2008ல பிரான்ஸ்ல குட்டைத் தண்ணில இருந்தே தவளையோட டிஎன்ஏவ புடிச்சுக் காட்டுனாங்க. ஆனா அதுக்கப்புறம் வந்த செய்முறைங்க நிறைய குளிர்ந்த, தெளிஞ்ச தண்ணிய வெச்சு எழுதுனது, நம்ம சேத்துக் கலங்கலுக்கு அப்படியே எடுபடாது.

மொத சிக்கல் ஃபில்டர்ல தான். ரெண்டு லிட்டர் வடிகட்டுன்னு புத்தகத்துல இருக்கும், இங்க 0.45 மைக்ரான் ஓட்டை உள்ள ஃபில்டர் பேப்பர்ல கொஞ்சம் ஊத்துனதுமே சேறு அப்பி பழுப்பாகி சொட்டு சொட்டா நின்னு போயிரும். உடனே அழுத்தி பேப்பர கிழிக்காதீங்க, ரெண்டு லிட்டர்னு நோட்டுல எழுதியும் வைக்காதீங்க. எவ்வளவு இறங்குச்சோ அத எழுதுங்க, மடைகிட்ட, கலுங்குகிட்ட, நடுவுலன்னு பல இடத்துல கொஞ்சம் கொஞ்சமா எடுங்க. இலைதழை மக்குன தண்ணில ஹ்யூமிக் அமிலம் இருக்கும், அது பிசிஆர, அதாவது டிஎன்ஏவ நகலெடுத்துப் பெருக்குற வேலைய, முடக்கிரும். அப்ப ரிசல்ட் காலியா வந்தா மீனே இல்லன்னு எழுதிராதீங்க, பிரிச்செடுத்த டிஎன்ஏ கரைசல பத்து மடங்கு நீர்க்க வெச்சு மறுபடி ஓட்டிப் பாத்துட்டு அப்புறம் பேசுங்க. இது தான் எனக்கு ரொம்பப் பெரிய தப்பாப் படுது, ஏன்னா இல்லன்னு எழுதிட்டா அப்புறம் யாரும் திரும்பித் தேடவே மாட்டாங்க.

எடுத்த பேப்பர வெயில்ல பைக்ல வெச்சுக்கிட்டு சுத்தாதீங்க, சூட்டுல டிஎன்ஏ சிதைஞ்சிரும், உடனே ஐஸ்லயோ ஆல்கஹால்லயோ போடுங்க. ஒரு கம்மாய்ல போட்ட வலையையும் செருப்பையும் பிளீச்சிங்ல கழுவாம அடுத்த கம்மாய்ல இறக்காதீங்க. சுத்தமான தண்ணி ஒரு பாட்டில் கூடவே கொண்டு போய் அதையும் அங்கயே வடிகட்டுங்க, அதுல விரால் டிஎன்ஏ வந்துச்சுன்னா கறை நம்ம கையில இருந்து வந்ததுன்னு தெரிஞ்சிரும்.

கடலோரம்ங்கறதால இன்னொண்ணு. ஊருணில சாளையும் வஞ்சிரமும் இருக்குன்னு ரிசல்ட் வரலாம், கரையில யாராவது மீன் கழுவியிருப்பாங்க, இல்ல கடல்ல மேஞ்ச பறவை எச்சம் போட்டிருக்கும். டிஎன்ஏ எண்ணிக்கை கூட இருந்தா மீனு கூட இருக்குன்னும் அர்த்தமில்ல. உயிரோட இருக்கா செத்துருச்சா, குஞ்சா பெருசான்னும் அது சொல்லாது. நம்ம மீனோட டிஎன்ஏ ஒப்பிட்டுப் பாக்குற டேட்டாபேஸ்ல இல்லன்னா பக்கத்து சொந்தக்கார மீனு பேர கம்ப்யூட்டர் போட்டு விட்டுரும். அதனால மீன்பாசி (மீன் புடிக்கிற உரிமை) குத்தகைக்காரங்க வலை இழுக்கும்போது போய் நின்னு, துடுப்புல துளி வெட்டி ஆல்கஹால்ல போட்டு, போட்டோவும் எடுத்து, அவங்க சொல்ற பேரையும் குறிச்சு வைங்க.

போட்டோ பாத்து பூச்சி இனம் சொல்ற கம்ப்யூட்டர் மாடலுக்கும் இதே கவனம் வேணும். வெள்ளைத் தட்டுல எடுத்த படத்துல படிச்ச மாடல் சேத்துத் தட்டுல தட்டான் குஞ்ச பாத்தா தடுமாறும். ஒரே பூச்சியோட பத்து படத்துல பாதிய பயிற்சிக்கும் பாதிய சோதனைக்கும் போட்டீங்கன்னா மார்க் பொய்யா ஏறும், அடுத்த கம்மாய்க்குப் போனதும் விழுந்துரும், அதனால சோதனைக்கு ஒரு கம்மாய்ப் படத்த முழுசா தனியா ஒதுக்குங்க. தெரியலன்னு சொல்றதுக்கும் மாடல்ல ஒரு வழி வைங்க, அதுல விழுந்த பூச்சிய எல்லாம் ஆல்கஹால்ல போட்டு இனம் தெரிஞ்ச ஆள்கிட்ட காட்டுங்க.