வந்தாரா, வரலையா? பேரிடர் நேரத்தில் தலைவர்களை எடைபோடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் வேதாரண்யம் அருகே கரையைக் கடந்தது. நான்கு நாள் கழித்து, 20ஆம் தேதி, அப்போதைய முதலமைச்சர் எடப்பாடி பழனிசாமி ஹெலிகாப்டரில் புதுக்கோட்டை, தஞ்சாவூர் பகுதிகளைப் பார்க்கக் கிளம்பினார். வானிலை சரியில்லாததால் திருவாரூருக்கும் நாகப்பட்டினத்துக்கும் அன்று போக முடியவில்லை. அன்று சாயங்காலம் காரைக்குடி டீக்கடையில் நாங்கள் ஏழெட்டுப் பேர் தொண்டை வறளப் பேசிக்கொண்டிருந்தோம். நாலு நாள் கழித்து வரலாமா, தரையில் வராமல் மேலேயே பறக்கலாமா என்பதுதான் பேச்சு. அப்போது ஆலங்குடிப் பக்கத்திலிருந்து சித்தப்பா போன் செய்தார். தென்னந்தோப்பில் பாதிக்கு மேல் சாய்ந்துவிட்டது. நானும் ஆறுதலாக இருக்கட்டுமே என்று டீக்கடைப் பேச்சை அவரிடம் சொன்னேன்.

"அவரு வந்தா என்ன, வராட்டி என்னப்பா. மரத்த எண்ணி எழுத இன்னும் ஒருத்தரும் வரல. எண்ணாம வெட்டி அப்புறப்படுத்தினா காசு கிடைக்காதுங்கறாங்க. வெட்டாம போட்டா தோப்புக்குள்ள நடக்க முடியல. அத யாரு கேப்பா?" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. அவருடைய சிக்கலுக்கு ஒரு உத்தரவு போதும்: போட்டோ எடுத்து வைத்துக்கொண்டு வெட்டலாமா, கிராம நிர்வாக அலுவலர் வரும்வரை காத்திருக்க வேண்டுமா? அதைச் சொல்ல வேண்டியது அரசு. அதை ஏன் இன்னும் சொல்லவில்லை என்று கேட்டிருந்தால் அது உருப்படியான விமர்சனம். நாங்கள் கேட்டது ஹெலிகாப்டரைப் பற்றி. அதற்குப் பிறகு வந்த ஒவ்வொரு வெள்ளத்திலும் இதே கூத்தைப் பார்க்கிறேன். தப்பான கேள்வியைக் கேட்டால் தலைவர் சுலபமாகத் தப்பித்துவிடுகிறார். தோப்பு போனவர் அங்கேயே நிற்கிறார். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

வருகையை மட்டும் அளவுகோலாக வைப்பது

முதல் தவறும் பெரிய தவறும் இதுதான். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தென்மாவட்டங்களில் பெய்த மழையில் காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் பதிவானது. 19ஆம் தேதி அப்போதைய முதலமைச்சர் ஸ்டாலின் இந்தியா கூட்டணிக் கூட்டத்துக்காக டெல்லியில் இருந்தார். அன்றிரவே பிரதமரைச் சந்தித்து நிதி கேட்டார். 21ஆம் தேதி தூத்துக்குடிக்கும் நெல்லைக்கும் வந்தார். 2018இல் "நாலு நாள் ஆச்சே" என்று குமுறிய ஒருவர் இந்த முறை "அதிகாரிங்கதான் அங்க இருக்காங்களே" என்றார். 2018இல் அதே வார்த்தையைச் சொன்னவர் இந்த முறை நாள்களை எண்ணிக்கொண்டிருந்தார். இருவரும் எனக்கு வேண்டியவர்கள்தான். கட்சியைப் பொறுத்து கடிகாரம் வேகமாகவோ மெதுவாகவோ ஓடுகிறதென்றால் அதை வைத்து எதையும் அளக்க முடியாது.

தலைவர் வருவதே வீண் என்று நான் சொல்லவில்லை. முதலமைச்சர் வருகிறார் என்றால் மூன்று நாளாக எடுக்காத மரம் மூன்று மணி நேரத்தில் எடுக்கப்படுவதை எல்லோரும் பார்த்திருக்கிறோம். எல்லாம் இழந்த ஒருவரின் கையைப் பிடித்துக்கொண்டு கேட்பதற்கும் மதிப்பு உண்டு. ஆனால் மீட்பு நடக்கும் முதல் இரண்டு நாளில் பெரிய தலைவர் வந்தால் ஆட்சியரும் காவல் கண்காணிப்பாளரும் அவர் பின்னால் போக வேண்டியிருக்கும். அதனால் எந்த நாளில் வந்தார் என்பதோடு, வந்து எந்த உத்தரவைப் போட்டார், அது எந்தத் தேதியில் கிராமத்துக்கு வந்து சேர்ந்தது என்றும் கேளுங்கள்.

படத்தைப் பற்றிய சண்டையும் இந்தக் கணக்கில்தான் சேரும். 2015 சென்னை வெள்ளத்தின்போது நிவாரணப் பொருள்களில் அப்போதைய முதலமைச்சர் ஜெயலலிதாவின் படம் போட்ட ஸ்டிக்கர் சர்ச்சையானது. அந்த ஆண்டு டிசம்பர் 3ஆம் தேதி பிரதமர் விமானத்திலிருந்து வெள்ளத்தைப் பார்க்கும் படத்தில் ஜன்னல் காட்சியை ஒட்டுப்போட்டு வெளியிட்ட மத்திய அரசின் பத்திரிகைத் தகவல் அலுவலகம், பிறகு அதை நீக்கியது. இரண்டும் கண்டிக்கத்தக்கவை. ஆனால் அன்று ஊரே படத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது, செம்பரம்பாக்கம் ஏரியில் விநாடிக்கு 29,000 கன அடி திறந்த முடிவை யார், எந்த மணிக்கு எடுத்தார்கள் என்ற கேள்வி பின்னால் போய்விட்டது.

2024 டிசம்பரிலும் அப்படித்தான். ஃபெஞ்சல் புயல் மழையில் சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு 1.68 லட்சம் கன அடி திறக்கப்பட்டு, தென்பெண்ணைக் கரை ஊர்கள் மூழ்கின. படிப்படியாக ஐந்து முறை எச்சரித்தோம் என்றது அரசு. அந்த எச்சரிக்கை ஆற்றங்கரை வீட்டுக்கு எந்த வழியில், எத்தனை மணிக்கு வந்தது என்று ஊர் ஊராகக் கேட்டிருக்க வேண்டும். இருவேல்பட்டில் அப்போதைய அமைச்சர் பொன்முடி மீது சேறு வீசப்பட்டதும், வீசியவர் எந்தக் கட்சி என்பதே நாள்கணக்கில் விவாதமானது. நனைந்த வீட்டுக்காரர்களின் கோபம் எனக்குப் புரியும். சேறு பட்ட சட்டையால் எச்சரிக்கை பற்றிய கேள்வி மறைந்துபோனதுதான் வருத்தம்.

நான்கு கட்டங்களையும் ஒன்றாகக் குழப்புவது

எச்சரிக்கை, மீட்பு, நிவாரணம், மறுவாழ்வு. இந்த நான்கும் வேறு வேறு வேலை. ஒன்றில் நன்றாகச் செய்த அரசு அடுத்ததில் கோட்டை விடலாம். கஜாவே நல்ல உதாரணம். புயலுக்கு முன்பே பல்லாயிரக்கணக்கானவர்களை முகாம்களுக்குக் கொண்டு போனார்கள். அந்த முன்னேற்பாட்டை அப்போது எதிர்க்கட்சித் தலைவராக இருந்த ஸ்டாலினே பாராட்டினார். அடுத்த சில நாள்களில் உள்கிராமங்களுக்குத் தண்ணீரும் உணவும் போய்ச் சேரவில்லை என்று கடுமையான விமர்சனம் எழுந்தது. இரண்டுமே உண்மை. "அன்னிக்குப் பாராட்டினீங்களே" என்று மடக்குவதும், "அப்பவே சரியில்லை" என்று முன்னேற்பாட்டையும் சேர்த்துக் குறைசொல்வதும் தவறு. எந்தக் கட்டத்தைப் பற்றிப் பேசுகிறோம் என்று முதலில் சொல்லிவிட்டால் பாதிச் சண்டை அங்கேயே அடங்கும்.

பணக் கணக்கில் ஏமாறுவது

இங்கேதான் இரண்டு பக்கக் கட்சிக்காரர்களும் நம்மை அதிகம் ஏமாற்றுகிறார்கள். கொஞ்சம் பொறுமையாகப் பார்ப்போம்.

மாநிலப் பேரிடர் நிவாரண நிதி என்று ஒன்று இருக்கிறது. நிதிக்குழு ஒதுக்கும் இந்தப் பணத்தில் தமிழ்நாடு போன்ற மாநிலங்களுக்கு 75 சதவீதம் மத்திய அரசும் 25 சதவீதம் மாநில அரசும் போடுகின்றன. புயல் வந்தாலும் வராவிட்டாலும் ஆண்டுதோறும் வர வேண்டிய பணம் இது. அது போதாதபோது கேட்பது தேசியப் பேரிடர் நிவாரண நிதி. அதற்கு மத்தியக் குழு வந்து பார்க்கும், அறிக்கை போகும், டெல்லியில் உயர்மட்டக் குழு முடிவு செய்யும்.

ஃபெஞ்சலுக்கு இடைக்கால நிவாரணமாக 2,000 கோடி ரூபாய் வேண்டும் என்று மாநில அரசு கேட்டது. 2024 டிசம்பர் 6ஆம் தேதி மத்திய அரசு 944.80 கோடி ரூபாய் விடுவித்தது. எங்கள் சொந்தக்கார வாட்ஸ்அப் குழுவில், சிங்கப்பூரிலிருந்தும் கோலாலம்பூரிலிருந்தும் கூடப் பெரிய வாக்குவாதம். "கேட்டதில் பாதி கொடுத்துட்டாங்க" என்று ஒரு பக்கம், "ஒரு பைசாகூடத் தரல" என்று இன்னொரு பக்கம். இரண்டும் தவறு. பணம் வந்தது நிஜம். ஆனால் அது அந்த ஆண்டுக்கு மாநில நிதியில் மத்திய அரசு போட வேண்டிய பங்கு. கேட்ட கூடுதல் நிதியில் அது பாதி ஆகாது. ஆகவே ஒரு தொகையைக் கேட்டதும் எந்த நிதியிலிருந்து என்று கேளுங்கள். எந்தக் கட்சி மேடையாக இருந்தாலும் இந்த ஒரு கேள்விக்குப் பதில் தடுமாறும்.

அடுத்து, நிவாரணமும் இழப்பீடும் ஒன்றல்ல. கஜாவில் சாய்ந்த தென்னைக்கு அரசு மரத்துக்கு 600 ரூபாயும், வெட்டி அகற்ற 500 ரூபாயும் சேர்த்து 1,100 ரூபாய் அறிவித்தது. ஹெக்டேருக்கு 175 மரம் என்று வைத்து 1,92,500 ரூபாய். "ஒரு மரத்துக்கு அறுநூறு ரூபாயா" என்று கேட்டவர்கள் வெட்டுக்கூலியைச் சொல்லவில்லை. "ஹெக்டேருக்கு இரண்டு லட்சம்" என்று பெருமைப்பட்டவர்கள், புதுக்கன்று வைத்தால் காய்க்க ஐந்தாறு வருஷம் ஆகும் என்பதைச் சொல்லவில்லை. சித்தப்பாவுக்கு முன்னால் நின்றது அந்த ஐந்தாறு வருஷம்தான்.

"தேசியப் பேரிடராக அறிவி" என்ற கோரிக்கையிலும் கவனம் வேண்டும். 2005ஆம் ஆண்டின் பேரிடர் மேலாண்மைச் சட்டத்தில் அப்படி அறிவிப்பதற்கு ஏற்பாடே இல்லை. தென்மாவட்ட வெள்ளத்தின்போது நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் இதைச் சொன்னதும், நம்மில் பலர் அவர் சாக்குச் சொல்கிறார் என்று நினைத்தோம். சட்ட நிலை அதுதான். ஆனால் பேச்சு அங்கே முடிந்துவிடக் கூடாது. ஒரு பேரிடரை அதிதீவிரமானது என்று மத்திய அரசு வகைப்படுத்த முடியும். 2018 கேரள வெள்ளத்தை அப்படி வகைப்படுத்தினார்கள். 2024 ஜூலை 30 வயநாடு நிலச்சரிவுக்கு டிசம்பரில்தான் அந்த வகைப்பாடு கிடைத்தது. அப்படி வகைப்படுத்தினால் நாட்டின் எந்தப் பகுதி நாடாளுமன்ற உறுப்பினரும் தன் தொகுதி மேம்பாட்டு நிதியிலிருந்து ஒரு கோடி ரூபாய் வரை அங்கே கொடுக்கலாம். இல்லாததைக் கேட்டால் இல்லை என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். இருப்பதைக் கேட்டால் ஏன் தரவில்லை என்று பதில் சொல்லியாக வேண்டும்.

யார் பொறுப்பு என்று பாராமல் உச்சியில் இருப்பவரை மட்டும் திட்டுவது

சட்டப்படி தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையத்துக்குப் பிரதமரும், மாநில ஆணையத்துக்கு முதலமைச்சரும், மாவட்ட ஆணையத்துக்கு ஆட்சியரும் தலைவர்கள். மூவருக்கும் தனித்தனிப் பொறுப்பு உண்டு.

நம் செட்டிநாட்டுக்கு இதைக் கண்மாயை, அதாவது பாசன ஏரியை, வைத்துச் சொன்னால் சட்டென்று புரியும். மழை பெய்து கரை உடைந்தால் உடனே "கவர்மென்ட் என்ன பண்ணுது" என்போம். எந்தக் கவர்மென்ட்? நூறு ஏக்கருக்கு மேல் ஆயக்கட்டு (பாசன நிலம்) உள்ள கண்மாயை நீர்வளத் துறை பார்க்க வேண்டும். ஊரில் இன்னும் பிடபிள்யூடி (பொதுப்பணித் துறை) கண்மாய் என்றுதான் சொல்கிறோம். அதற்குக் குறைந்தது யூனியன் கண்மாய், ஊராட்சி ஒன்றியத்தின் கையில். காரைக்குடி நகருக்குள் இருக்கும் ஊரணி என்றால் மாநகராட்சியைக் கேட்க வேண்டும். கண்மாய்க்குத் தண்ணீர் வரும் வரத்துக்காலை மறித்து யாராவது மண்ணடித்திருந்தால் அது வருவாய்த் துறைக் கணக்கு, தாசில்தார் பார்க்க வேண்டியது. மிகைநீர் வெளியேறும் கலுங்கின் பலகையை எடுத்தது யார், எடுக்காமல் விட்டது யார் என்பது ஊருக்கே தெரியும். ஆனால் அதை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. சென்னையில் இருப்பவரைத் திட்டுவதில் நமக்கு ஆபத்து ஒன்றும் இல்லை. ஒன்றிய அலுவலகத்தில் போய் மனு கொடுத்துக் கையெழுத்து வாங்கினால் நாளைக்கு அந்த ஆளை நேருக்கு நேர் பார்க்க வேண்டும்.

முதலமைச்சரைக் கேட்கவே கூடாது என்று அர்த்தமில்லை. மாவட்டத்துக்குத் தூர்வார எவ்வளவு வந்தது, எத்தனை கண்மாய்க்கு, எந்த மாதத்தில் என்பது அவர் பதில் சொல்ல வேண்டிய கேள்வி. உங்கள் ஊர்க் கண்மாய் அந்தப் பட்டியலில் இருந்ததா என்று தெரிந்துகொண்டு கேட்டால், அவரும் தப்ப முடியாது, ஒன்றியமும் தப்ப முடியாது. பத்து ரூபாய் கட்டணத்தில் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்டால் முப்பது நாளில் பதில் தர வேண்டும்.

இதோடு சேர்ந்த இன்னொரு தவறு, தலைவர் மேல் உள்ள கோபத்தைக் கம்பத்தில் ஏறியிருக்கும் ஆள் மேல் காட்டுவது. கஜாவில் ஒரு லட்சத்துக்கு மேல் மின்கம்பங்கள் விழுந்தன. வெளிமாவட்டங்களிலிருந்து வந்த மின்வாரியத் தொழிலாளர்கள் இடுப்பளவு சேற்றில் கம்பம் சுமந்தார்கள். எங்கள் தெருவுக்கு ஏன் முதலில் வரவில்லை என்று அவர்களை மறிப்பது அநியாயம். எந்தத் தெருவுக்கு முதலில் என்று வரிசை போடுபவர் வேறு.

பழைய காணொளி

இதற்கு நிறைய எழுத வேண்டியதில்லை. தேதியும் ஊரும் தெரியாத காணொளியை அனுப்பாதீர்கள். வேறு மாநிலத்து வெள்ளத்தை நம்மூர் என்று காட்டி, அது பொய் என்று தெரிந்ததும், உண்மையாக மூழ்கிய தெருவின் படத்தையும் யாரும் நம்ப மாட்டார்கள்.

"இப்ப அரசியல் பேசற நேரமா" என்று வாயை அடைப்பது

ஆளும் கட்சிக்காரர்கள் எப்போதும் சொல்வது இது. கட்சி மாறினாலும் வாக்கியம் மாறுவதில்லை. முகாமில் பால் இல்லை, கழிப்பறை இல்லை என்பதை அந்த நேரத்தில்தான் சொல்ல முடியும். பத்து நாள் கழித்துச் சொல்லி என்ன பயன்? காரணமும் குற்றமும் தேடுவதைத் தண்ணீர் வடிந்த பிறகு வைத்துக்கொள்ளலாம். குறையைச் சொல்வதைத் தள்ளிப்போடக் கூடாது.

பொங்கலோடு மறந்துவிடுவது

எனக்கு மிகவும் மனக்குறை தருவது இதுதான். 2015 சென்னை வெள்ளத்தை மனிதர்களால் நேர்ந்த பேரிடர் என்று தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் அறிக்கை சொன்னது. அது சட்டமன்றத்துக்கு வந்தது 2018இல். டீக்கடையில் அத்தனை ஆவேசமாகப் பேசிய நாங்கள் அன்று அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. ஸ்டிக்கருக்கு இருந்த கோபம் அறிக்கைக்கு இல்லை.

வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கி டிசம்பரில் ஓயும். நம் விவாதமும் அதோடு ஓய்ந்துவிடுகிறது. கண்மாய் வறண்டு கிடக்கும் சித்திரை, வைகாசியில்தான் மண் எடுக்கவும், மடை சரிசெய்யவும், கரையை உயர்த்தவும் முடியும். தமிழ்நாட்டில் கிராம சபை ஆண்டுக்கு ஆறு முறை கூட வேண்டும்: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. போன மழையில் எங்கே உடைந்தது, யார் பொறுப்பு, எவ்வளவு பணம் வந்தது என்று மார்ச் 22இலோ மே 1இலோ எழுந்து கேட்டுத் தீர்மானப் புத்தகத்தில் எழுத வையுங்கள். அப்போது கேட்டால் மழைக்கு முன்னால் ஐந்தாறு மாதம் இருக்கும். நவம்பர் 1இல் கேட்டால் கலுங்கில் தண்ணீர் போய்க்கொண்டிருக்கும்.