பம்ப் இல்லாத டோப்போலினோ: மலையில் கொதிப்பதை எப்படி நிறுத்தினேன்

என் கார் ஃபியட் 500 டோப்போலினோ, 1936-இல் வந்த இத்தாலிய மாடல். 569 சிசி, நாலு சிலிண்டர், 13 குதிரைத்திறன்தான். புதுப்பித்த வண்டி, பெயின்ட், இருக்கை எல்லாம் அருமை. ஆனால் இத்தாலியின் போலோன்யா நகரிலிருந்து ஃபூத்தா மலைக் கணவாய்க்கு (903 மீட்டர்) ஏறினால் பாதி வழியில் தண்ணீர் கொதிக்கும். பழைய கார் ராலியில் நேரக் கணக்கு உண்டு, ஓரங்கட்டி ஆறவிட முடியாது.

இந்த எஞ்சினில், குளிர்விக்கும் நீரைச் சுழலவைக்கும் வாட்டர் பம்ப் கிடையாது. சூடான நீர் லேசாகி மேலே போகும், ஆறியது கீழே இறங்கும். அதற்காகவே ரேடியேட்டர் (நீரை ஆறவைக்கும் பாகம்) எஞ்சினுக்குப் பின்னால், சற்று உயரத்தில் இருக்கிறது. ஃபியட் பொறியாளர் தாந்தே ஜாகோசாவின் இந்த வடிவமைப்பு எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஆனால் தள்ளிவிட பம்ப் இல்லாததால், வழியில் கொஞ்சம் அடைத்தாலும் ஓட்டம் படுத்துவிடும்.

ரேடியேட்டரை மாற்றச் சொன்னார்கள் பலர். நான் முதலில் எஞ்சினின் மேல்மூடியான சிலிண்டர் ஹெட்டைக் கழற்றினேன். கடைசி சிலிண்டரைச் சுற்றித் துருவும் சுண்ணாம்பும் சேறாக இறுகியிருந்தது. வளைத்த கம்பியால் சுரண்டி, தெளிந்த நீர் வரும்வரை பீய்ச்சிக் கழுவினேன். அப்புறம் எஞ்சினிலிருந்து ரேடியேட்டருக்குச் சூடான நீர் போகும் மேல் ஹோஸ்: வெளியே நன்றாக இருந்தது, உள்ளே ரப்பர் உப்பிப் பாதி வழியை மறித்திருந்தது. அதையும் மாற்றினேன். இக்னிஷன் டைமிங் (தீப்பொறி விழும் நேரம்) பிந்தியிருந்தது, அதுவும் எஞ்சினைச் சூடாக்கும்; சரிசெய்தாயிற்று.

ஒன்று முக்கியம்: தண்ணீர் மட்டம் மேல் ஹோஸின் வாய்க்குக் கீழே போனால் சுழற்சியே நின்றுவிடும். ஒவ்வொரு ஏற்றத்துக்கு முன்பும் பாருங்கள்.

இப்போது இரண்டாம் கியரிலேயே உச்சிவரை கொதிக்காமல் ஏறுகிறது. ரேடியேட்டர் அதே பழையதுதான்.